கிள்ளான் பள்ளத்தாக்கில் உச்சநேரப் பணிப்பயணமும் மனவுளைச்சலும்: ஓர் ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

பெருநகர வாழ்வைப் பற்றிய ஆய்வுகளில் வீடும் பணியிடமும் பெறும் கவனத்தை, அவ்விரண்டிற்கும் இடையில் கழியும் நேரம் பெறுவதில்லை. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சாலையிலோ இரயிலிலோ செலவாகும் அந்நேரம் பணியாகவும் கணக்கிடப்படுவதில்லை, ஓய்வாகவும் கருதப்படுவதில்லை. தமிழில் இதற்கெனத் தனியொரு சொல் இன்னும் நிலைபெறவில்லை. இக்கட்டுரையில் 'பணிப்பயணம்' என்னும் சொல்லை ஆள்கின்றோம். அகப்பாடல் மரபில் 'செலவு' என்பது பிரிந்து செல்லுதலைக் குறித்தது. தலைவன் புறப்படத் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்றனர். இன்று அச்சொல் பணம் கரைவதைக் குறிக்கின்றது. பணிப்பயணத்தில் இவ்விரு பொருளும் ஒருங்கே அமைகின்றன எனலாம்.

உலகப் பெருநகரங்களின் பயண உளைச்சல் எவ்வாறு ஒப்பிடப்படுகின்றது, அவ்வொப்பீடு கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு எந்த அளவிற்குப் பொருந்தும், இங்குள்ள தமிழர் வாழ்வில் அதன் இடம் யாது ஆகிய மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முற்படுகின்றது.

நகரங்களை எண்ணால் அளத்தல்

இத்துறையில் பரவலாக அறியப்பட்ட முயற்சி ஐ.பி.எம். நிறுவனம் 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பயணத்துன்பக் குறியீடு ஆகும். பயண நேரம், நெரிசலில் சிக்கிய நேரம், எரிபொருள் விலை, நின்று நின்று நகர்தல், மன அழுத்தம், சினம், பணியின் மீதான தாக்கம், நெரிசலுக்கு அஞ்சிப் பயணத்தையே கைவிடுதல் முதலிய பத்துக் கூறுகளைக் கொண்டு ஒவ்வொரு நகருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் பெய்ஜிங்கும் மெக்சிகோ நகரும் 99 புள்ளிகளுடன் முன்னின்றன. ஸ்டாக்ஹோம் 15 புள்ளிகளுடன் இறுதியில் இருந்தது. மறு ஆண்டில் மெக்சிகோ நகர் 108, பெங்களூரு 75, புதுடில்லி 72, சிங்கப்பூர் 44, லண்டன் 23 எனப் புள்ளிகள் பெற்றன. ஈராண்டும் ஆராயப்பட்ட இருபது நகரங்களுள் கோலாலம்பூர் இடம்பெறவில்லை.

நம் நிலையை அறிய வேறு சான்று உண்டு. உலக வங்கி 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட மலேசியப் பொருளாதாரக் கண்காணிப்பு அறிக்கையின்படி, பெருங்கோலாலம்பூர் மக்கள் ஆண்டொன்றுக்கு 25 கோடி மணி நேரத்திற்கும் மேலாக நெரிசலில் கழித்தனர். அதனால் விளைந்த இழப்பு 2014ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.1 முதல் 2.2 விழுக்காடு வரை என மதிப்பிடப்பட்டது. பொதுப் போக்குவரத்தை நாடுவோர் சிங்கப்பூரில் 62 விழுக்காடாகவும் ஹாங்காங்கில் 89 விழுக்காடாகவும் இருக்க, இங்கு 17 விழுக்காடாகவே இருந்தனர் என்றும் அவ்வறிக்கை சுட்டியது.

இவ்வெண்கள் பயனுள்ளவை. ஆயினும், ஒரு நகருக்கு ஓர் எண் என்னும் முறையில் ஒரு குறை உண்டு. குளிரூட்டப்பட்ட காரில் தனித்து அமர்ந்து நெரிசலில் நிற்பவரும், மழையில் மோட்டார் சைக்கிளைப் பாலத்தடியில் நிறுத்தி ஒதுங்குபவரும், வராத பேருந்திற்குக் காத்திருப்பவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஆகவே, உளைச்சல் எதனால் விளைகின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

உளைச்சலின் காரணிகள்

பயணம் நீளமாக இருப்பதே உளைச்சலுக்குக் காரணம் என்பது பொதுக்கருத்து. உளவியலாளர் கண்டது இதனினும் நுட்பமானது. 1970களின் இறுதியில் கலிபோர்னியாவில் ரேமண்ட் நோவாக்கோ, டேனியல் ஸ்டோக்கல்ஸ் ஆகியோர் 'தடைப்பாடு' என்னும் கருத்தை முன்வைத்தனர். சென்றடைய வேண்டிய இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுக்கும் யாவும் தடைப்பாடே. தூரமும் நேரமும் மட்டுமன்றி, ஒருவர் அதனை எவ்வாறு உணர்கின்றார் என்பதும் அதில் அடங்கும்.

சுவீடனில் உல்ஃப் லுண்ட்பெர்க் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பிற்குரியது. ஸ்டாக்ஹோமுக்குச் செல்லும் இரயிலில் தொடக்க நிலையத்தில் ஏறியவர்களைவிட, இடையில் ஏறியவர்களின் உடலில் அழுத்தச் சுரப்பு மிகுந்திருந்தது. இவர்களின் பயணம் குறுகியதே. ஆனால், இவர்கள் ஏறும்போது பெட்டி நிரம்பியிருந்தது. தொடக்கத்தில் ஏறியவர்களுக்கோ விரும்பிய இடத்தில் அமரும் உரிமை இருந்தது. அமெரிக்காவில் கேரி இவான்ஸ், ரிச்சர்ட் வீனர் ஆகியோர் நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்குச் செல்லும் இரயில் பயணிகளை ஆராய்ந்து, பயணத்தின் முன்னறிய இயலாத் தன்மை உளைச்சலை மிகுவிப்பதையும், இடையில் வண்டி மாறத் தேவையில்லாத நேரடி இரயில் அதனைத் தணிப்பதையும் காட்டினர்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், உளைச்சலை வளர்ப்பன நான்கு எனலாம்: எப்போது சென்றடைவோம் என்பது தெரியாமை, தன் பயணத்தின் மீது தனக்குப் பிடி இல்லாமை, உடல் நெருக்கம், வண்டி மாறும் இடங்களில் ஏற்படும் அலைச்சல். தமிழில் 'நெருக்கடி' என்னும் சொல் இட நெருக்கத்தையும் இடர்ப்பாட்டையும் ஒருசேரக் குறிப்பது ஈண்டு நினையத்தக்கது.

நடந்து சென்ற தலைமுறை

கிள்ளான் பள்ளத்தாக்கின் முதல் இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்தது. தண்டவாளம் இட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர். நிலையங்களிலும் எழுத்தர் பணிகளிலும் யாழ்ப்பாணத் தமிழர் அமர்ந்தனர். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. ஆயினும், பயணத்திற்கான பாதையை அமைத்த இத்தலைமுறை பணிக்காகப் பயணம் செய்ததில்லை. ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் முதலிய அரசுக் குடியிருப்புகளிலிருந்து பணிமனையும் நிலையமும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன.

தோட்டப்புறத்திலும் நிலை அதுவே. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடிய தொழிலாளி அங்கிருந்து தன் நிரைக்கு நடந்தே சென்றார். லயன் வீடு, ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் அமைந்தன. அவ்வாழ்வில் வறுமையும் கட்டுப்பாடும் மிகுந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டிற்கும் வேலைக்கும் இடையே தூரம் இல்லாமையே அக்கட்டுப்பாட்டிற்குத் துணைநின்றது எனவும் வாதிடலாம். எனினும், பயண உளைச்சல் என்பது அத்தலைமுறை அறியாத ஒன்று.

பெட்டாலிங் ஜெயா 1950களிலும் ஷா ஆலாம், சுபாங் ஜெயா ஆகியவை 1970களிலும் தோட்ட நிலங்களில் நகரங்களாக எழுந்தன. தொடர்ந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டிற்கு விற்கப்பட்டும் மறைந்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் நகர விளிம்பிலுள்ள மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தன. வேலை ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலும் பள்ளி வேறோரிடத்திலுமாகப் பிரிந்தன. எனவே, மலேசியத் தமிழர்க்குப் பணிப்பயணம் என்பது இடப்பெயர்ச்சியின் தொடர்விளைவு. ஒருமுறை நிகழ்ந்த அப்பெயர்ச்சியின் விலை நாள்தோறும் இருமுறை செலுத்தப்படுகின்றது.

தடங்களும் இடைவெளிகளும்

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான தொலைவு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகளின் கட்டணம் 2018ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் நீக்கப்பட்டது. அது பணச்செலவைக் குறைத்தது, நெரிசலை நீக்கவில்லை. சாலை எளிதாகும்போது கார்களும் பெருகுதல் எங்கும் காணப்படும் இயல்பே. இந்நெடுஞ்சாலைக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. 1970களில் இங்கு அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் தனித்தடம் உலகிலேயே முன்னோடியான ஒன்றாகும். காரும் வாங்க இயலாமல், பேருந்தையும் நம்ப இயலாமல் இருக்கும் உழைப்பாளி தன் பயணத்தின் மீது ஓரளவு பிடியைப் பெறுவது மோட்டார் சைக்கிளால்தான். அதற்கு ஈடாக அவர் உயிராபத்தை ஏற்கின்றார்.

இரயில் வசதி படிப்படியாக விரிந்தது. கொமுட்டர் 1995இலும் இலகு ரயில் 1996இலும் ஓடத் தொடங்கின. பிரிக்பீல்ட்ஸ் சரக்கு இரயில் முற்றத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. மோனோரயில் 2003இலும் காஜாங் எம்.ஆர்.டி. தடத்தின் முதற்கட்டம் 2016இலும் புத்ராஜெயா தடம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு கட்டங்களாகவும் செயல்பட்டன. ஆயினும் இணைப்பில் குறை நேர்ந்தது. மோனோரயில் நிலையம் கே.எல். சென்ட்ரலின் எதிர்ப்புறம் தனித்து நின்றமையால், 2014இல் நு சென்ட்ரல் வணிக வளாகம் திறக்கப்படும் வரை பயணிகள் வெளியே நடந்தே மாறினர். மேலே கூறிய தடைப்பாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கிள்ளான் மக்களுக்கென வகுக்கப்பட்ட பண்டார் உத்தாமா – ஜொஹான் செத்தியா இலகு ரயில் தடம் முதலில் 2020இல் நிறைவுறும் எனத் திட்டமிடப்பட்டது. 2018இல் அதன் மதிப்பீடு 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடியாகக் குறைக்கப்பட்டது. நிறைவுக் காலமும் பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. இரயில் நிலையத்தை அடுத்து அமையும் என நம்பி வீடு வாங்கியவர்க்கு அத்தாமதம் வெறும் செய்தியன்று.

பிற நகரங்கள் கற்பிப்பன

சிங்கப்பூர் 1975இல் நகர மையத்தில் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்தது. 1990இல் வாகன எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்தது. இடையே, 1987இல் எம்.ஆர்.டி. தொடங்கப்பட்டது. காரைக் கடினமாக்குதலும் இரயிலை எளிதாக்குதலும் ஒருங்கே நடைபெற்றன. 2013 முதல் 2017 வரை, காலை உச்சநேரத்திற்கு முன் நகர மைய நிலையங்களை அடைந்தோர்க்கு இரயில் கட்டணம் இல்லை என்னும் திட்டமும் நடைமுறையில் இருந்தது.

மும்பாய்ப் புறநகர் இரயில்களில் உச்சநேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் வரை நிற்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நெருக்கத்தின் அளவில் கிள்ளான் தடம் அதற்கு ஒப்பாகாது. ஆனால், மும்பாயில் அடுத்த இரயில் சில நிமிடங்களில் வந்துவிடும் என்னும் உறுதி உண்டு. நாள்தோறும் ஒரே பெட்டியில் ஏறும் குழுக்கள் இடம் பகிர்ந்தும் பஜனை பாடியும் அந்நெருக்கத்தைத் தாங்கிக்கொள்கின்றன. மகளிர்க்கென முழு இரயில் 1992இலேயே அங்கு விடப்பட்டது. நம் கொமுட்டரில் மகளிர் பெட்டி 2010இல் அறிமுகமாயிற்று. மும்பாயில் உளைச்சலின் வேர் நெருக்கம். இங்கு அதன் வேர் நிச்சயமின்மை. இரட்டைத் தட மறுசீரமைப்புப் பணிகளால் கொமுட்டர் சேவைகளுக்கு இடையிலான காத்திருப்பு நீண்ட ஆண்டுகளில் இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை வரும் இரயிலைத் தவறவிடுதல், மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வரும் இரயிலைத் தவறவிடுவதைப் போன்றதன்று.

வகுப்பறையை எட்டும் உளைச்சல்

இப்பொருள் தமிழாசிரியர்க்கு நேரடித் தொடர்புடையது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அன்று முதல் கோலாலம்பூரில் பொழுது புலர்வது ஏறத்தாழ ஏழு மணிக்கோ அதன் பின்னரோ ஆகும். பள்ளி வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளையும், நெரிசலை முந்த விரும்பும் பெற்றோரும் இருளிலேயே புறப்படுகின்றனர். தோட்டம் மறைந்த பின் நகர்ப்புறத்திற்கு மாற்றப்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பல குடியிருப்புகளிலிருந்து வந்து சேர வேண்டியுள்ளது. வேனில் முதலில் ஏறும் பிள்ளையே பெரும்பாலும் நெடுநேரம் பயணிக்கின்றது. முதற்பாட வேளையில் கண்ணயரும் மாணவனைச் சோம்பல் உடையவன் எனத் தீர்ப்பளிக்குமுன், அவன் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டான் என வினவுதல் தகும்.

மாலைப்பொழுதின் இழப்பு இன்னும் ஆழமானது. இரவு எட்டு மணிக்கு வீடு சேரும் தாயோ தந்தையோ பிள்ளையுடன் தமிழில் உரையாடவும் கதை கூறவும் எஞ்சும் நேரம் மிகக் குறைவு. வீட்டுமொழியாகத் தமிழ் நலிவதற்கு நாம் கூறும் காரணங்களின் பட்டியலில் பணிப்பயணத்தையும் சேர்த்தல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

முடிவுரை

பயண உளைச்சலைத் தணிக்கத் தூரத்தைக் குறைத்தல் ஒன்றே வழியன்று. நேரந்தவறாத சேவை, காத்திருக்கும் நேரத்தை அறிவிக்கும் பலகை, நிலையத்தையும் குடியிருப்பையும் இணைக்கும் பேருந்து, மழையில் நனையாது நடக்கும் பாதை ஆகியவை பெரும் இரயில் திட்டங்களைவிடக் குறைந்த செலவில் நிச்சயமின்மையை நீக்க வல்லவை. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், நெகிழ்வான வேலை நேரத்திற்கு ஊழியர் விண்ணப்பிக்கவும், முதலாளி 60 நாளுக்குள் எழுத்துவழி விடையளிக்கவும் வகை செய்கின்றது. இவ்வுரிமையைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் பள்ளிகளால் இயலும் பணியே.

நகரங்களை எண்களால் ஒப்பிடுவோர் தம் பணியைச் செய்யட்டும். அவ்வெண்கள் காட்டாத வேறுபாடுகளைப் பதிவு செய்தல் நம் துறையின் கடமை. பெரட்டுக்களத்திற்கு நடந்து சென்ற முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கொமுட்டரில் நின்றுகொண்டு பணிக்குச் செல்கின்றனர். இவ்விரு தலைமுறையினரின் காலைப்பொழுதுகளையும் வாய்மொழி வரலாறாகத் தொகுத்தால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சமூக வரலாற்றில் இதுகாறும் எழுதப்படாத ஓர் இயல் கிட்டும். முதியோரின் நினைவு மங்குமுன் அதனைத் தொடங்குதல் வேண்டும்.