கப்பலேறிப் போன அப்பா

நம் முன்னோர் சீவி எடுத்த பால், ரப்பராகிக் கப்பலேறி எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சரக்கேற்றிக்கொண்டு, நீல நிறப் புகைபோக்கி வைத்த கப்பல்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போயின. அக்கப்பல்களின் இயந்திர அறை வெக்கையில் உழைத்தவர்களில் பலர் சீனர்கள். அவர்களுடைய குடும்பங்களின் கதை இது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கான சீன மாலுமிகள் லிவர்பூலைத் தளமாகக் கொண்டு வேலை செய்தார்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் திரிந்த அட்லாண்டிக் கடலைக் கடந்து, பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் பாதிகூட இவர்களுக்கு இல்லை. 1942-இல் வேலை நிறுத்தம் செய்த பிறகுதான் சற்றே உயர்ந்தது.

இவர்களில் சிலர் அவ்வூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகளும் பிறந்தார்கள். அந்நாளைய சட்டப்படி, அந்நிய நாட்டவரை மணந்த பிரிட்டிஷ் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். பிறந்த ஊரிலேயே அவள் அந்நியள்! 1948-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதை மாற்றியது.

போர் முடிந்தது. 1945 அக்டோபர் 19-இல் லண்டனில் உள்துறை அதிகாரிகள் கூடி, சீன மாலுமிகளைத் திருப்பியனுப்ப முடிவு செய்தார்கள். ஊருக்குச் சொல்லவில்லை. 1946-க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். பிரிட்டிஷ் மனைவி உள்ளவர் தங்கியிருக்க மனுச் செய்யலாம் என்பதைப் பலருக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

கடைக்குப் போனவர் வருவார், கப்பலுக்குப் போனவர் வருவார் என்று வாசலைப் பார்த்திருந்த பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! "விட்டு ஓடிவிட்டான்" என்று ஊர் பேசியது. அதை நம்பியே பிள்ளைகள் வளர்ந்தார்கள். சிலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அப்பா ஓடவில்லை, அனுப்பப்பட்டார்! 2006-இல் லிவர்பூல் துறைமுகக் கரையில் அவர்களுக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். 2022-இல் பிரிட்டிஷ் உள்துறையின் அறிக்கையே, சிலர் கட்டாயப்படுத்தி அனுப்பப்பட்டதை ஒப்புக்கொண்டது. அதற்குள் அநேகத் தாய்மார்கள் கண்ணை மூடிவிட்டார்கள்.

வாசகர்களே, உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் பழைய கப்பல் சீட்டோ, மங்கிய புகைப்படமோ இருக்கலாம். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அப்பன் பாட்டன் யார் என்று தெரிந்து வளரும் பிள்ளை, யார் முன்னும் தலை குனியாது.