உள் கதவுக்கு எந்தப் பூட்டு?

வாசற் கதவுக்குப் பூட்டு வாங்கப் புறப்படுகிறவர் திருடனை மனத்தில் வைத்துக் கொண்டு புறப்படுகிறார். அது நியாயந்தான். ஆனால் அதே மனிதர், அதே கடையில், அதே திருடனை நினைத்துக் கொண்டே படுக்கை அறைக்கும் ஸ்நான அறைக்கும் பூட்டு வாங்கி விடுகிறார். அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. தினந்தோறும் உள் கதவைத் திறக்கிறவர்கள் யார்? விரல்களில் வாதம் கண்ட பாட்டி, இடுப்பில் குழந்தையும் கையில் பால் செம்புமாக வரும் மருமகள், எட்டிப் பிடித்துத் தொங்கும் நான்கு வயதுப் பையன் - இவர்கள்தாம். வாசற் பூட்டு அந்நியரைத் தடுக்க வேண்டும். உள் கதவின் பூட்டு நம்மவரைத் தடுக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் கதவின் தேகத்தைச் சற்றுக் கவனிப்போம். பலகை பதித்த கதவு ஒரே மரத் துண்டு அன்று. இரு ஓரத்திலும் நிற்கும் நெடுஞ் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவே பள்ளங்களில் செருகிய மெல்லிய பலகைகள் - இவை சேர்ந்ததே கதவு. மழைக் காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். பலகைகள் அசைவதற்கு இடம் இருப்பதால்தான் கதவு பிளக்காமல் இருக்கிறது. எனவே பூட்டுக்கு உரிய இடம் நெடுஞ் சட்டமேயன்றிப் பலகை அல்ல.

அதிலும் எவ்விடம்? தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் கைக்குச் சௌகரியமானது. ஆனால் நடுக் குறுக்குச் சட்டம் வந்து சேருவதும் பெரும்பாலும் அந்த உயரத்திலேதான். அதன் முனையிலுள்ள முளை நெடுஞ் சட்டத்தின் துளைக்குள் புகுந்து கதவைத் தாங்குகிறது. அங்கே குடைந்து பூட்டைப் புதைத்தால் முளை அறுபட்டுப் போகும். சில வருஷங்களில் கதவு தொய்ந்து தரையைத் தேய்க்கும். பழியோ கீலின்மேல் விழும்! தேர்ந்த ஆசாரி முளையை இரண்டாகப் பிரித்து, நடுவில் பூட்டுக்கு இடம் விட்டே கதவு செய்வார். கதவு கடையில் வாங்கியதானால், இணைப்புக்குச் சற்று மேலோ கீழோ பூட்டை வைக்கச் சொல்லுங்கள்.

கனத்தையும் அளந்து கொள்ளுங்கள். 35 மி.மீ. கனமுள்ள கதவில் 15 மி.மீ. பூட்டுப் பெட்டியைப் புதைத்தால், பக்கத்துக்குப் பத்துத்தான் மிஞ்சும். அதைவிட மெல்லிய கதவுக்கு மேலே பொருத்தும் பெட்டிப் பூட்டே உத்தமம்.

அடுத்த கேள்வி: குமிழா, கைப்பிடியா? உருண்டைக் குமிழ் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திருப்ப விரல்கள் இறுகப் பற்ற வேண்டும். ஈரக் கையும் எண்ணெய்க் கையும் வழுக்கும். மேலும், குமிழ் ஓரத்தை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் விரல் மொளிகள் நிலைக்காலில் உரசும். அதன் நடு, கதவின் ஓரத்திலிருந்து 60 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். நீண்ட கைப்பிடிக்கு இந்த உபத்திரவம் இல்லை. முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும். எட்டாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் கற்பிக்கும் நெம்புகோல் தத்துவம் இதுவே. ஒன்று மாத்திரம்: கைப்பிடியின் நுனி கதவை நோக்கி வளைந்திருக்கட்டும். நீட்டிக் கொண்டிருக்கும் நுனி முந்தானையையும் சட்டைப் பையையும் பிடித்து இழுக்கும்.

இனிப் பூட்டின் உட்புறம். 1778-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் ஓர் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சாவியானது லீவர் என்னும் தகடுகள் ஒவ்வொன்றையும், கூடாமலும் குறையாமலும், உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டின் நாக்கு நகரும். 1897-ல் பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். சீமைப் பூட்டுக்குச் சுதேசிப் பூட்டு ஈடு கொடுத்தது. கைத்திறனுக்குப் பேர்போன நமது திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. தகடுகள் பெருகப் பெருகக் கள்ளச் சாவி போடுவது கடினமாகும். வாசலுக்கு அது அவசியம். உள் அறைகளுக்கோ இரண்டு மூன்று லீவர்களே போதும். மிச்சப்படும் பணத்தை நல்ல கைப்பிடியில் செலவிடுவது விவேகம்.

ஸ்நான அறைக்கு வேறொரு நிபந்தனை உண்டு. அவசர காலத்தில் வெளியிலிருந்து திறக்க வழி இருக்க வேண்டும். வெளிப்புறத்திலுள்ள பிளவில் ஒரு காசைச் செருகித் திருப்பினால் திறந்து கொள்ளும் தாழ்கள் கடைகளில் கிடைக்கின்றன. நண்பர் ஒருவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை உள்ளே தாழிட்டுக் கொண்டுவிட்டது. திறக்கத் தெரியவில்லை. வெளியே தாய் விம்ம, உள்ளே குழந்தை அலற, ஆசாரி வந்து பலகையைப் பெயர்த்த பிறகே எல்லாருக்கும் மூச்சு வந்தது. உள்ளே இருந்தவர் மயங்கி விழுந்த முதியவராயிருந்தால் அந்த அரைமணி நேரத்தின் விலை என்ன?

உலோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கடற்கரை ஊர்களில் இரும்பு சீக்கிரம் துருவேறும். கெட்டிப் பித்தளை நெடுநாள் உழைக்கும். 'பித்தளை' என்று கடைக்காரர் காட்டுவதில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஆனால், ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் நம்பி விடாதீர்கள். முலாம் பூசிய துத்தநாகக் கலவையும் ஒட்டாது. பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சிலின் கரித்தூளைச் சாவியில் தடவித் திருப்பினால் போதும்.

கடைக்குப் புறப்படுமுன், வீட்டிலே பலம் குறைந்த கை யாருடையது என்று யோசியுங்கள். கூடுமானால் அவரையும் உடன் அழைத்துச் சென்று, கைப்பிடியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குச் சிரமமின்றித் திறக்குமானால், அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்றது.