ஏட்டில் அடங்காத இசை

இலக்கியம் பேசவேண்டிய நேரத்தில் ஜாஸ் இசையைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே இந்த வாத்தியார் என்று நேயர்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது.

நான் வசிப்பது அலுவிகாரையில். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் வந்தால் எங்கள் ஊர். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டு வந்த புத்தரின் போதனைகள் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது இங்குள்ள பாறை விகாரையில்தான். பஞ்சமும் போரும் வந்த காலம் அது. மனனம் செய்தவர்கள் மடிந்தால் மறையும் மடிந்துவிடும் என்று அஞ்சியே எழுதினார்கள் என்பர். எழுத்தினால் பிழைத்த நூலுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு எழுத்துக்கு அகப்படாத ஒரு கலையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. பனி உருகிப் பூப்பூக்கும் வசந்தம் நமக்குப் பாடப்புத்தகத்தில் மட்டுந்தான். ஆனாலும் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மாசி பிறந்ததும் மாத்தளைப் பக்கத்துக் காற்று உலர்ந்துவிடுகிறது. முள்முருக்கு இலையுதிர்த்துச் சிவக்கிறது. குயில் கூவினால் புத்தாண்டு வந்துவிட்டது என்பார்கள் சிங்கள அயலவர்கள். சித்திரையில் அவர்கள் வீட்டு முற்றத்தில் பெரிய ரபானை வைத்து, அடியிலே தணலிட்டுச் சூடேற்றி, பெண்கள் சுற்றி அமர்ந்து கொட்டுவார்கள். ஒருத்தி தொடங்கும் அடியை மற்றவள் வாங்கிக் கொஞ்சம் மாற்றித் திருப்பிக் கொடுப்பாள். யாரும் எழுதி வைத்து வாசிப்பதில்லை.

வசந்தம் காமனுக்குரிய காலம் என்பது தமிழுக்குப் பழைய செய்தி. கலித்தொகையின் பாலைப் பகுதியிலே வில்லவன் விழா பேசப்படுகிறது. வில்லவன் என்பது காமவேள். இந்தக் காமன், கோப்பித் தோட்டங்களுக்கென்று கடல்கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்த மக்களோடு கூடவே வந்தான். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் ஏடு இருந்ததோ இல்லையோ, காமன் கூத்து இருந்தது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் தோட்டத்துக் காமன் பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் கூத்து உச்சத்துக்கு வரும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதனைச் சிவன் நெற்றிக் கண்ணால் எரிப்பதும், ரதி புலம்புவதும், பின்னர் அவன் உயிர்பெறுவதுமே கதை. ரதியாகவும் மதனாகவும் வேடம் கட்டுகிற பையன்கள் விரதம் இருப்பார்கள். தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொரு பாத்திரமாக வந்து ஆடும். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாட்டுகளும் வாத்தியாரின் கொப்பியில் இருக்கின்றன. மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சேகரித்த ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் உழைப்பால், அழியவிருந்த பாட்டுகள் பல அச்சேறியும் விட்டன. எந்தக் கொப்பியிலும் இல்லாதது தப்பின் அடி.

தப்பு மிக எளிய கருவி. ஒரு மரவளையம், ஒரு தோல், கனத்த குச்சி ஒன்று, மெலிந்த நீண்ட குச்சி ஒன்று. தோல் தளர்ந்தால் சருகைக் கொளுத்தி வாட்ட வேண்டும். அதிகாலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புத்தான். துரைக்காகப் பொழுது விடியுமுன் ஒலித்த தோல், காமனுக்காக விடியும்வரை ஒலித்தது. பகலை எசமானுக்குக் கொடுத்தவர்கள் இரவைத் தமக்கென்று வைத்துக்கொண்டார்கள் எனலாம்.

இதை எனக்குப் புரியவைத்தவன் ஒரு மாணவன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். மாதவியின் ஆட்டத்துக்குக் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் இசைந்து நிற்கும் இடம். பிற கருவிகளில் குறை விழுந்தால் நிரப்பவும், மிகை எழுந்தால் அடக்கவும் தெரிந்தவனே நல்ல தண்ணுமையாளன் என்று இளங்கோ இலக்கணம் சொல்கிறார். நான் உரையாசிரியர் விளக்கத்தை ஒப்புவித்துக் கொண்டிருக்க, பின்வாங்கில் அவன் மேசையை விரலால் தட்டிக் கொண்டிருந்தான். வகுப்பைவிட்டு வெளியே நிறுத்தினேன்.

அந்த மாசியில் அயல் தோட்டமொன்றில் காமன் கூத்துப் பார்க்கப் போனேன். தப்படிப்போர் நால்வரில் கடைசி ஆள் அவன். முதல் ஆள் அவனுடைய தகப்பனார். வீரபத்திர வேடக்காரர் ஆடிவந்தவர் காலிடறித் தாளம் தவறினார். ஒரு நொடி. தகப்பனார் அடியைச் சுருக்கினார். பையன் அந்த இடைவெளியில் இரட்டை அடி ஒன்றைச் செருகினான். வேடக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, இடறியதையே ஒரு புதிய அடவு போல ஆக்கி நிமிர்ந்தார். சனம் ஆர்ப்பரித்தது. குறை நிரப்பலும் மிகை அடக்கலும் என் கண்முன்னே நடந்தன. வகுப்பில் நான் விளக்கிக் கொண்டிருந்ததை அவன் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அந்த இரவுக்குப் பிறகே ஜாஸ் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. அதுவரை அது வானொலியில் நான் திருப்பிவிடும் சத்தம். ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியில், மிசிசிப்பி நதி கடலில் கலக்குமிடத்தை அண்டிய துறைமுக நகரம் நியூ ஒர்லீன்ஸ். அங்கே அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிடத்தில் மட்டுமே கூடலாம் என்று 1817இல் நகரசபை சட்டம் போட்டது. அவர்கள் கூடிய வெளி பின்னர் கொங்கோ சதுக்கம் எனப் பெயர்பெற்றது. ஆபிரிக்க மண்ணின் பறைகளை அங்கே கொட்டி ஆடினார்கள். அந்தத் தாளமும், தேவாலயப் பாட்டும், வயல்வெளிப் புலம்பலும், படையணிகளின் பித்தளைக் குழல்களும் காலப்போக்கில் கலந்தே ஜாஸ் பிறந்தது. அந்நகரில் சாவு ஊர்வலத்துக்கு வாத்தியக் குழு போகும். மயானத்துக்குப் போகும்போது துயரமாக நடக்கும் இசை, திரும்பும்போது துள்ளலாகிவிடும். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஒரே கைகள் தப்படிப்பதைப் பார்த்த நமக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

ஜாஸ் கச்சேரியை முதலில் கேட்பவருக்கு எல்லோரும் ஆளுக்கொரு திசையில் போவதாகத் தோன்றும். உண்மையில் நடப்பது இது. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பன்னிரண்டு தாளக்கட்டோ, முப்பத்திரண்டோ கொண்ட ஒரு சுற்று. பிறகு அந்தச் சுற்று அடியிலே ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக முன்வந்து அதன்மேல் தம் கற்பனையை விரிப்பார். மற்றவர்கள் அவரைத் தாங்கி நிற்பார்கள். இடையிடையே நான்கு நான்கு தாளக்கட்டாகக் குழலும் பறையும் கேள்வி பதில்போல் மாறிமாறிப் பேசும். கடைசியில் பழைய மெட்டுக்கே திரும்பி முடிப்பார்கள். நம்மவர் பல்லவியை எடுத்து, கற்பனைச் சுரம் பாடி, தனி ஆவர்த்தனத்தில் குறைத்துக் குறைத்து வந்து கோர்வை வைத்து எடுப்பில் சேர்வதை அறிந்தவர்களுக்கு இது அயல்வீடுதான். இராகத்தின் நுட்பம் அங்கே இல்லை. அவர்களது பல்சுர இணைவு இங்கே இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் பிறப்பது என்ற தர்மம் இரண்டுக்கும் ஒன்று.

இந்த அயல்வீட்டுக்காரர்கள் நம் வீட்டுக்கும் வந்து போயிருக்கிறார்கள். பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958இல் இலங்கைக்கு வந்தார். அதே பயணத்தில் துருக்கியின் இஸ்தான்புல் வீதியில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளமொன்று அவருடைய புகழ்பெற்ற உருப்படி ஒன்றுக்கு வித்தாயிற்று. 1959இல் வெளிவந்த அவருடைய அதே இசைத்தட்டில், சக கலைஞர் போல் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. நமக்குக் கண்ட நடை; கேட்பவர் கை தானாகத் தாளம் போடும். 1963இல் டியூக் எலிங்டனும் தம் குழுவோடு கொழும்புக்கு வந்தார்.

மேளச் சமாவை இங்கே மறந்தால் யாழ்ப்பாணத்து நேயர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இரண்டு நாதஸ்வரக் குழுக்கள், தவில்கள் எதிரும் புதிருமாக, நள்ளிரவு தாண்டியும் ஒருவரை ஒருவர் மிஞ்ச முனையும் அந்தக் களத்துக்குச் சமா என்று பெயர். ஜாஸ்காரர்கள் முன்னேற்பாடின்றிக் கூடி வாசிப்பதை ‘ஜாம்’ என்கிறார்கள். ஒலி ஒற்றுமை தற்செயலானது. தயவுசெய்து எவரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்ட பெரியவர்கள் அதைச் சொல்லும்போது முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். அவர் 1975இல் மறைந்தார். ஒலிப்பதிவுகள் உண்டு. ஆனால், “அது இது அல்ல, தம்பி” என்றுதான் அவர்கள் முடிப்பார்கள்.

அந்த முகமாற்றத்துக்குப் பொருள் தருகிற கதையொன்று நியூ ஒர்லீன்ஸில் உண்டு. ஜாஸின் முதல் மன்னன் என்று போற்றப்படுகிறவர் படி போல்டன் என்ற கொர்னெட் ஊதுகுழல் கலைஞர். 1907இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டவர் 1931இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் வாசித்த ஒரு நொடிகூட இன்று யாரிடமும் இல்லை. முதலாவது ஜாஸ் இசைத்தட்டு வந்தது 1917இல். அதில் வாசித்த ஐவரும் வெள்ளையர். யார் ஆக்கினார்கள், யாருடைய பெயரில் பதிவாயிற்று என்பதை யோசித்தால் ஏட்டின்மேல் எனக்கிருந்த பக்தி கொஞ்சம் ஆட்டங்காண்கிறது.

பிறந்த ஊரிலேயே மதிப்பும் உடனே கிடைத்துவிடவில்லை. 1918இல் அந்நகரத்துப் பெரிய பத்திரிகை தலையங்கமெழுதி ஜாஸை இழிந்த சுவை என்று ஒதுக்கியது. 1970இல் அங்கே முதலாவது ஜாஸ் பெருவிழா கொங்கோ சதுக்கத்தில் கூடியபோது, எலிங்டனும் மஹாலியா ஜாக்சனும் வந்திருந்தும், கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய முந்நூற்றைம்பது பேர்தான். இசைத்தவர்கள் அதைவிட அதிகம். இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும், அதாவது நம் சித்திரையில், அந்த விழாவுக்கு இலட்சக்கணக்கில் கூட்டம். 2011இல் யுனெஸ்கோ ஏப்ரல் 30ஆம் திகதியை உலக ஜாஸ் தினமாக அறிவித்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். தப்பைத் தொடமாட்டோம் என்று தோட்டத்து இளைஞர் பலர் சொல்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கருவி கலையாக மட்டும் அவர்கள் தோளில் ஏறவில்லை. சாதியின் சுமையாகவும் ஏற்றப்பட்டது. சாவு வீட்டில் அடி என்று கட்டளையிட்டவர்கள், கோயில் மண்டபத்தில் உட்காரவைக்கவில்லை. “கலையைக் காப்பாற்று” என்று இன்றைக்கு மேடையில் முழங்குகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. விரும்பியவர் அடிக்க, விரும்பாதவர் விட, அடிப்பவருக்கு முறையான சன்மானமும் நாற்காலியும் கிடைக்க வேண்டும். அதுவன்றிக் காப்பாற்றச் சொல்வது பழைய கட்டளைக்குப் புதுப்பெயர்.

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் புறப்படும். 1983 யூலைக் கலவரத்தில் நெருப்புக்கு இரையான கோயில் அது. மீண்டும் எழுந்து நிற்கிறது. தேருக்குப் போகிறவர்கள் நெரிசலில் சுவாமியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நாதஸ்வரக் குழு நிற்கும் பக்கமாக ஒரு மணி நேரமாவது நின்று கேளுங்கள். தேர் நிற்கும் சந்திகளில்தான் தவில்காரர் மனம்விட்டு வாசிப்பார்.

அதே பௌர்ணமியை அண்டித் தோட்டங்களில் காமன் எரிவான். போகிற நேயர்கள் சால்வை ஒன்றும் கைவிளக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் மாசிக் குளிர் பின்னிரவில் கடுக்கும். ஒலிபெருக்கிக்கு அருகில் உட்காராதீர்கள், தப்புக்காரர் பக்கமாக உட்காருங்கள். ஒலிப்பதிவுக் கருவியை ஒரு பாத்திரத்துக்கு மட்டும் திறந்துவிட்டு மூடிவையுங்கள். நானும் வருகிறேன். போன முறை அந்தப் பையனின் தகப்பனாரிடம், உங்கள் அடிகளை எழுதி வைக்கலாமா என்று கேட்டேன். சருகு நெருப்பில் தப்பைத் திருப்பித் திருப்பி வாட்டிக்கொண்டிருந்தவர் தலைநிமிராமலே சொன்னார்: “எழுதுங்க சார். ஆனா நாளைக்கு வேற மாதிரி அடிப்பேன்.”