வண்டிக்குள் வெப்பமும் ஈரமும் காற்றும்

பரந்த நம் நாட்டில் பணிநேரத்தின் பெரும்பகுதியை மோட்டார் வண்டியிலேயே கழிக்கும் ஊழியர் பலர் உளர். நிலவியல் ஆய்வாளருக்கும், வன ஊழியருக்கும், வேளாண்மை விரிவாக்க அலுவலருக்கும், தடுப்பூசிக் குழுவினருக்கும் வண்டியே நடமாடும் அலுவலகம் ஆகும். ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் 51 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலை பதிவாயிற்று. லடாக்கின் திராஸ் பள்ளத்தாக்கிலோ குளிர்கால இரவுகளில் நீர் உறையும் நிலைக்கு 20 டிகிரி கீழும் உஷ்ணநிலை இறங்குவதுண்டு. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே 70 டிகிரிக்கும் மேற்பட்ட வேறுபாடு உள்ளது. எனினும் இரண்டு இடங்களிலும் ஒரே வகையான ஜீப் ஓடுகின்றது. அதில் அமர்ந்து செல்பவரின் உடலோ 37 டிகிரி அளவிலேயே நிலைத்திருக்க வேண்டியதாயிருக்கின்றது.

இந்த வேறுபாட்டைச் சமாளிக்க ஓட்டுநருக்கு உதவுபவை முன்பலகையிலுள்ள சில குமிழ்களும் பொத்தான்களுமே. பலர் இவற்றைச் ‘சூடு’, ‘குளிர்’ என்னும் இரண்டு சொற்களில் அடக்கிவிடுவர். உண்மையில் இவை ஆளுபவை மூன்று பொருள்கள்: வண்டிக்குள் இருக்கும் வெப்பம், காற்றிலுள்ள ஈரம், சுவாசிக்கும் காற்றின் தூய்மை. ஒன்றை மாற்றும்பொழுது மற்ற இரண்டும் மாறுகின்றன. இதனை அறிந்தவர் வசதியாகப் பயணம் செய்வதோடு, உயிருக்கு நேரக்கூடிய அபாயங்களையும் தவிர்க்க இயலும்.

குளிர்சாதனம் இயங்கும் விதம்

விற்பனைக்கு வந்த மோட்டார் கார்களில் குளிர்சாதனத்தை முதன்முதலில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது அமெரிக்காவின் பக்கார்டு கம்பெனி. அதன் 1940-ஆம் ஆண்டு மாடல்களில் இவ்வசதி கிடைத்தது. அதன் பின்னர் கருவி சிறுத்துவிட்டது, தத்துவம் மாறவில்லை. என்ஜினால் சுழலும் கம்ப்ரஸர் ஒரு வாயுவை அழுத்திச் சூடாக்குகின்றது. ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள குழாய்ச் சுருளில் அவ்வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகின்றது. பின்னர் ஒரு நுண்துளை வழியே விரிந்து, முன்பலகைக்குப் பின்னாலுள்ள மற்றொரு சுருளில் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து கவர்ந்து கொள்கின்றது. ஆகவே குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே எடுத்துச் சென்று கொட்டுகின்றது.

இந்தச் சுருள் மிகவும் குளிர்ந்திருப்பதால், அதன்மேல் படும் காற்றின் ஈரம் நீராகி வடிகின்றது. நிறுத்திய வண்டிக்கு அடியில் சொட்டும் நீர் இதுவே. அதைப் பழுதெனக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. குளிர்சாதனம் ஓர் ஈரநீக்கியும் ஆகும் என்பதைக் களப் பணியாளர் நினைவிற்கொள்வது நன்று. இதன் பயன் கீழே விளங்கும்.

வெயிலில் நின்ற வண்டி

சூரிய ஒளி கண்ணாடி வழியே தடையின்றி உட்புகுந்து இருக்கைகளையும் முன்பலகையையும் சூடாக்குகின்றது. சூடேறிய பொருள்கள் வெளிவிடும் நெட்டலைக் கதிர்கள் கண்ணாடியைக் கடந்து செல்வதில்லை. வண்டி மூடியிருப்பதால் சூடான காற்றும் வெளியேற வழியில்லை. இவ்வாறு சிறைப்பட்ட வெப்பம் விரைவாகப் பெருகுகின்றது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டிற்று. வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாள்களில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே ஏற்பட்டுவிட்டது. கண்ணாடியைச் சிறிதளவு இறக்கி வைத்தும் குறிப்பிடத்தக்க பயன் ஏற்படவில்லை. வண்டியை நிறுத்தும் வரை குளிர்சாதனம் ஓடியிருந்தும், உள்ளே சூடேறுவது சில நிமிடங்களே தாமதமாயிற்று.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் கதவுகளை அடைத்துக் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் முடுக்குவது பலரின் வழக்கம். அவ்வேளையில் உள்ளேயுள்ள காற்று வெளிக்காற்றைவிட மிகவும் சூடானது. அதையே மீண்டும் மீண்டும் குளிர்விக்க முயல்வது வீண் செலவு. முதலில் கதவுகளைத் திறந்து ஓரிரு நிமிடங்கள் சூட்டை வெளியேற்ற வேண்டும். பின்னர்க் கண்ணாடிகளை இறக்கிச் சிறிது தூரம் ஓட்டலாம். அதன் பிறகே அவற்றை ஏற்றிக் குளிர்சாதனத்தை இயக்குவது முறை. உள்ளே வெளியைவிடக் குளிர்ந்த பின்னர் உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றலாம். குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் காற்று வாய்களை மேல்நோக்கித் திருப்பினால், அது தானே கீழிறங்கி எங்கும் பரவும். சூடான காற்று இலேசானது. அதைக் காலடியில் விட வேண்டும். வெப்பச்சலனம் பற்றிய பாடத்திற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

குழந்தைகளும் பூட்டிய கதவும்

மேலே கூறிய அளவுகள் பெரியவர்களுக்கு அசௌகரியம். குழந்தைகளுக்கோ அவை உயிர்க்கேடு. சிறு குழந்தையின் உடல் பெரியவருடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும் என்பர் மருத்துவர். உடலின் உள் உஷ்ணநிலை 40 டிகிரியைக் கடந்தால் வெப்பத்தாக்கு நேரலாம்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடிக்கு அருகில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் புகுந்த மூன்று குழந்தைகள் வெளிவர இயலாமல் மாண்டனர். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் இவ்வாறே நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். எவரும் அவர்களை அங்கு விட்டுச் செல்லவில்லை. பூட்டப்படாத வண்டி அவர்களை அழைத்தது. மூடிய கதவு திரும்ப விடவில்லை.

வசதிக்கென அமைந்த கருவிகளே இங்குத் தடையாகின்றன. பின் கதவில் குழந்தைப் பூட்டு இடப்பட்டிருப்பின் அக்கதவு உள்ளிருந்து திறவாது. சாவியில்லாத வண்டியில் மின்சாரக் கண்ணாடிகள் இறங்குவதில்லை. ஆகவே முகாம்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிறுத்தப்படும் வண்டியை, உள்ளே எவருமில்லை என்று பின் இருக்கை வரை பார்த்த பின்னர்ப் பூட்டுவது கட்டாயமாதல் வேண்டும். சாவியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வண்டிக்குள் அகப்பட்டால் ஹாரனை விடாமல் அழுத்த வேண்டும் என்பதையும், முன் இருக்கைக்குத் தாவி அக்கதவைத் திறக்க முயல வேண்டும் என்பதையும் ஆசிரியர்கள் மாணவருக்குச் செய்துகாட்டிப் பழக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் சாவி இல்லாவிடினும் ஹாரன் ஒலிக்கும்.

முன் கண்ணாடியில் படியும் மூடுபனி

மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளிலும் மேகாலயத்துச் சாலைகளிலும் மழைக்காலத்தில் முன் கண்ணாடி திடீரென வெண்திரையிட்டாற்போல் மறைந்துவிடும். இதன் காரணம் காற்றின் ஈரமே. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் ஏறத்தாழ 17 கிராமே தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் அளவே. அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சினாலும் வியர்வையினாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளிவிடுகின்றார். மூன்று கன மீட்டர் இடமுள்ள வண்டியில் நால்வர் அமர்ந்தால், கண்ணாடியில் நீர் படிய நெடுநேரம் ஆகாது. நனைந்த குடையும் உடையும் அதை விரைவுபடுத்தும்.

கைத்துணியால் துடைப்பது தற்காலிகப் பரிகாரமே. முதலில் படலம் எப்பக்கத்தில் உள்ளது என்பதை விரலால் தொட்டு அறிய வேண்டும். உட்புறத்தில் இருப்பின், உட்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை விடவேண்டும். காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பிச் சூட்டையும் குளிர்சாதனத்தையும் ஒருங்கே இயக்க வேண்டும். சூடும் குளிரும் ஒருங்கே எவ்வாறு பொருந்தும் என்று சிலர் ஐயுறலாம். குளிர்சாதனம் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கின்றது. சூடாக்கி அவ்வுலர்ந்த காற்றை வெதுவெதுப்பாக்கி, மேலும் ஈரத்தை ஏற்கச் செய்கின்றது. படலம் வெளிப்புறத்தில் இருப்பின் நிலைமை வேறு. புழுக்கமான இரவில் குளிர்சாதனம் கண்ணாடியை மிகவும் குளிர்வித்துவிட்டது என்பதே அதன் பொருள். அப்பொழுது குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியினின்றும் விலக்கி, துடைப்பானை இயக்கினால் போதும். பின் கண்ணாடியில் தெரியும் மெல்லிய கோடுகள் மின்கம்பிகளாம். அவற்றின் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி சூடாகி நீர் உலரும்.

உட்காற்றும் உறக்கமும்

உட்காற்றுச் சுழற்சி புழுதியையும் லாரிப் புகையையும் தடுக்கும். குளிர்சாதனத்தின் சுமையைக் குறைக்கும். ஆனால் அதை மணிக்கணக்கில் நீட்டித்தல் தகாது. ஒருவர் அமர்ந்திருக்கும்பொழுது மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றார். காற்றுப் புகாத மூன்று கன மீட்டர் அறையில் நால்வர் அரைமணி இருந்தால், அதன் அளவு 1 சதவீதத்தைக் கடந்துவிடும்; வெளிக்காற்றில் உள்ளதோ 0.04 சதவீதத்தை ஒட்டியதே. ஓடும் வண்டியில் இடுக்குகள் வழியே சிறிது காற்று புகுவதால் இந்த அளவு எட்டப்படுவதில்லை. எனினும் தலைபாரமும் தூக்கமும் உண்டாகும் அளவிற்கு அவ்வாயு பெருகக்கூடும். இரவில் நெடுந்தூரம் ஓட்டுவோர் இடையிடையே சில நிமிடங்கள் வெளிக்காற்றை விடுவது நலம்.

ஓட்டுநரின் களைப்பை அரசாங்கமும் கருத்திற் கொண்டுள்ளது. கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்னும் விதி 2023-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டில் தயாராகும் புதிய வண்டிகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

மலையேற்றத்தில் சூடாக்கியின் துணை

பெட்ரோல், டீசல் வண்டிகளில் சூடாக்கிக்கெனத் தனி எரிபொருள் செலவாவதில்லை. என்ஜினைச் சுற்றி ஓடும் நீரின் ஒரு பகுதி முன்பலகைக்குப் பின்னுள்ள சிறு ரேடியேட்டருக்குள் செல்கின்றது. விசிறி அதன் வெப்பத்தை உள்ளே வீசுகின்றது. வீணாகும் வெப்பமே பயன்படுகின்றது. ஆதலின் என்ஜின் சூடேறும் வரை விசிறியை வேகமாக ஓட்டுவதால் குளிர்காற்றே வரும்.

செங்குத்தான ஏற்றத்தில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால், குளிர்சாதனத்தை நிறுத்திச் சூடாக்கியை முழு அளவில் திறந்துவிடலாம். உள்ளிருப்போர் வியர்த்தாலும் என்ஜினின் வெப்பம் ஓரளவு வடியும். பின்னர்த் தக்க இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறத்தல் கூடாது. சோஜிலா கணவாய் போன்ற 3,500 மீட்டர் உயரமுள்ள இடங்களில் திறந்த கலத்து நீர் 90 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். மூடியின் அழுத்தம் நீங்கியதும் சுடுநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

மின்சார வண்டிகளில் இத்தகைய வீண்வெப்பம் மிகக் குறைவு. சூடாக்கி பேட்டரியின் மின்சாரத்தையே உண்ணுவதால், கடுங்குளிரில் வண்டி செல்லக்கூடிய தூரம் குறையும். புறப்படுமுன், மின்னேற்றக் கம்பி இணைந்திருக்கும்பொழுதே உட்புறத்தை வெதுவெதுப்பாக்கிக் கொள்வது சிக்கனம்.

பனியில் நின்றுவிட்ட வண்டி

சூடாக்கியின் மிகப் பெரிய அபாயம் வண்டி நிற்கும்பொழுது தோன்றுகின்றது. பனியில் அகப்பட்டவர்கள் குளிர் தாங்காமல் என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு உறங்குவர். புகைக்குழாயின் வாயைப் பனி மூடிவிட்டால், கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் கசியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகின்றது. உறங்குபவர் உறக்கத்திலேயே மாள்வர். 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பாகிஸ்தானத்து முர்ரீ மலைச் சாலையில் பனியில் சிக்கிய வண்டிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடுங்குளிரோடு இந்த வாயுவும் காரணமாகக் கூறப்பட்டது.

ஆகவே பனியில் நின்றுவிட்டால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை விரலளவேனும் இறக்கி வைக்க வேண்டும். என்ஜினைத் தொடர்ந்து ஓட்டாமல், மணிக்கு ஏறத்தாழ பத்து நிமிடங்கள் ஓட்டி நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் புகைக்குழாயை மீண்டும் பார்த்தல் வேண்டும். எல்லோரும் ஒரே வேளையில் உறங்குதல் கூடாது. கம்பளிகளே நம்பத்தக்க சூடாக்கி.

வகுப்பறையில்

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் உஷ்ணமானிகளை வைத்து, ஒன்றை மூடியும் மற்றதைத் திறந்தும் வெயிலில் அரைமணி நேரம் வைத்தால், நின்ற வண்டியின் கதை மாணவருக்கு விளங்கும். பனிக்கட்டி நீர் நிறைந்த தம்ளரின் வெளிப்புறத்தில் அரும்பும் துளிகள், முன் கண்ணாடியின் மூடுபனியையும் வண்டிக்கடியில் சொட்டும் நீரையும் ஒருங்கே விளக்கும். இப்பாடங்களைக் கற்ற சிறுவன் நின்ற வண்டிக்குள் விளையாடப் புகுமுன் தயங்குவான். தம்பி தங்கையரையும் தடுப்பான்.