ஏழே நாளில் வெளுக்க வைக்கும் கிரீம்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கே கோட்டைக்கோ சாலைக் கடைத்தெருவுக்கோ போய் ஒரு கிரீம் வாங்கிவர அதிக நேரம் ஆகாது. முகத்தில் மங்கு விழுந்தவர்கள், பரு ஆறிய இடம் கறுத்துப்போனவர்கள், கழுத்து கறுத்திருப்பதைக் கண்டு கூசுபவர்கள் யாராக இருந்தாலும், இன்று எந்த ஊரிலும் தோல் மருத்துவரைப் பார்ப்பதைவிட ஒரு கிரீம் வாங்குவது சுலபம். கடைக்குக்கூடப் போக வேண்டாம், கைபேசியில் கேட்டால் வீட்டுக்கே வந்துவிடும். அந்த கிரீம்களில் பல ஒரே வாக்குறுதியைச் சுமந்து வருகின்றன: ஏழு நாளில் பலன் தெரியும். பலனும் தெரிந்துவிடுகிறது. வாங்கியவருக்கு நம்பிக்கை பிறப்பதும் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பரப்புவதும் அதனால்தான். ஆனால் அந்த வேகத்தைக் கண்டுதான் நாம் முதலில் பயப்பட வேண்டும்.

காரணம் தோலின் அமைப்பிலேயே இருக்கிறது. மெலனின் என்ற நிறமியைச் சுரக்கும் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் இருக்கின்றன. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். சுரக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் மாறும். அடியில் நிறமேறிய செல்கள் மெல்ல மேலே வந்து உதிர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே நிறமிச் சுரப்பை முறையாகக் குறைக்கும் எந்த மருந்தும் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைக் காட்ட இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். அதைவிட வெகு வேகமாக முகம் வெளுத்தால் பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று, வீரியமுள்ள ஸ்டீராய்டு. அது இரத்த நாளங்களைச் சுருக்கித் தோலை வெளிறச் செய்யும். மற்றது பாதரசம். மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை அது முடக்கும். பிறகு தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேரும்.

இது ஏட்டளவிலான அச்சம் அல்ல. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பூட்டும் கிரீம் பூசி வந்தவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. கிரீமைச் சந்தேகிக்க இந்தக் கடைசித் தகவல் ஒன்றே வலுவான காரணம். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் சோதனைகளைத் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டத்தில், அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் அழகுப் பொருள்களில் இருந்ததாக 2025இல் அரசே அறிவித்தது. இந்திய விதிப்படி கண் பகுதிக்கானவை தவிர்த்த பொருள்களில், தற்செயலாகக் கலந்துவிட்டால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது. 12,000 மடங்கு என்றால் ஒரு கிலோ கிரீமில் 12 கிராம். அந்த அளவு தற்செயலாகச் சேர்வதில்லை.

“எத்தனையோ பேர் பூசுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் என்ன ஆகிவிட்டது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பூசுகிற எல்லோருக்கும் சிறுநீரகம் பழுதாவதில்லை என்பது உண்மை. ஆனால் சிறுநீரில் புரதம் கசிவது ஆரம்பத்தில் வலிக்காது. காலில் வீக்கம், காலையில் முகத்தில் அதைப்பு, நுரைத்துப் போகும் சிறுநீர் இவை தெரிகிறபோது நோய் சில மாதம் ஓடியிருக்கலாம். சோதித்துப் பார்க்காத ஒருவர் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது: மருத்துவரே ஸ்டீராய்டு கலந்த கிரீம் எழுதித் தருகிறாரே, அதையே நாம் வாங்கினால் என்ன தவறு? மங்குக்கு ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் உலகெங்கும் பயன்படும் சிகிச்சைதான். ஆனால் அது சில வாரங்களுக்கு, ராத்திரி மட்டும், திட்டின் மேல் மட்டும், கர்ப்பிணி அல்லாதவருக்கு. அதையே முகம் முழுக்க மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரிந்து, பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் எரிச்சல் தாளாமல் மறுபடி அதையே பூசத் தோன்றும். ஹைட்ரோகுவினோன் அளவு மீறினால், எதைப் போக்க வாங்கினோமோ அந்தக் கறுப்பே மாறாத நீலக் கறுப்பாகப் படியக்கூடும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டு வலியுறுத்திய பிறகு, 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. மருந்து ஒன்றேதான். அதன் அளவையும் காலத்தையும் கண்காணிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் வேறுபாடு.

மூலிகை என்றால் பயமில்லை என்ற எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கார்போக அரிசியில் உள்ள சோரலென் வெண்புள்ளி சிகிச்சையில் உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் அளவு தெரியாமல் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். எலுமிச்சைச் சாறும் வெயிலோடு சேர்ந்தால் புதுக் கறுப்பையே உண்டாக்கும். மருத்துவ மரபுகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பெயர் இல்லாத டப்பாவில் வருவது எந்த மரபையும் சேர்ந்தது அல்ல.

ஏழே நாளில் வெளுக்கும் இந்த வேகத்தால் இன்னொரு தீங்கும் விளைகிறது. அதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். தோல் நிறம் மாறுவது பல வேளைகளில் உள்ளே இருக்கும் கோளாறின் அறிகுறி. கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருளாகலாம். அங்கே தேவை சர்க்கரைப் பரிசோதனை. விரல் முட்டிகள் கறுப்பது பி12 குறைவால் வரக்கூடும் என்பதை 1963இலேயே வேலூர் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். சைவ உணவுக் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஊசியோ மாத்திரையோ போட்டால் அந்தக் கறுப்பு குறையும். கன்னத்து மங்கு கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரையாலும் தூண்டப்படலாம். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வெளுத்தால் ஒட்டுப் பொட்டின் பசையே காரணமாக இருக்கலாம். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். உணர்ச்சி உள்ள, பால்வெள்ளையான வெண்புள்ளியோ முற்றிலும் வேறு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே அழிப்பதால் வருவது, யாருக்கும் தொற்றாது. களிம்பு, ஒளிச் சிகிச்சை, தோல் ஒட்டு என்று வழிகள் உண்டு. இத்தனை காரணங்களுக்கும் ஒரே கிரீமைப் பூசுகிறவர், உள்ளிருக்கும் நோயை வளரவிட்டு அதன் அடையாளத்தை மட்டும் அழிக்கிறார்.

செலவு? சிகிச்சைக்கு மாதக்கணக்கில் பணம் வேண்டுமே என்பதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் மங்குக்கான சிகிச்சையில் பாதி, வெயிலைத் தடுப்பதுதான். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரை பாகையில் இருக்கிறது. கோடையில் புற ஊதாக் கதிர் எச்சரிக்கையை மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே வெளியிடுகிறது. காலை பத்து முதல் மூன்று மணி வரை குடை பிடிப்பதற்குப் பெரிய செலவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் வெள்ளைச் சன்ஸ்கிரீனைவிட உதவும். இவ்வளவு செய்தாலும் மங்கு திரும்ப வரலாம். இதைச் சொல்லும் மருத்துவரை நம்புங்கள். நிரந்தரமாகப் போய்விடும் என்பவரை நம்ப வேண்டாம். குளுட்டாத்தியோன் ஊசி போட்டு வெளுக்கலாம் என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள்கள் சட்டத்தின்படி அழகுப் பொருள் என்பது பூசுவது, தெளிப்பது போன்றவைதான். ஊசியில் ஏற்றுவது எதுவும் அழகுப் பொருள் ஆகாது.

அதே சட்டம் வாங்குபவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. ஏனோ அவற்றைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு. டப்பாவில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருள்கள் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். சந்தேகம் வந்தால், 26ஆம் பிரிவின்படி யாரும் தாம் வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுத்து அறிக்கை பெறலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் நம் ஊரிலேயே, ரெட் கிராஸ் ரோட்டில் இருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு எதிராகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்த வழியில் போனவர்களும் உண்டு. 2013இல் 79 ரூபாய்க்கு ஒரு வெளுப்பு கிரீம் வாங்கிய டெல்லிக்காரரின் வழக்கில், 2024 டிசம்பரில் அங்குள்ள ஆணையம் இமாமி நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் பதினோரு ஆண்டு ஆயிற்று என்பதையும் மறைக்கக்கூடாது.

ஏற்கனவே பூசிவருபவர்கள் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதுவும் பில்லும்தான் சாட்சி. இரண்டையும் பாதுகாத்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளுங்கள். மிக எளிய சோதனை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பாருங்கள், ஏனென்றால் பாதரசம் கையிலிருந்தும் தலையணையிலிருந்தும் மற்றவர்களுக்குப் போகும். ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று தோன்றினால், நிறுத்தும் முறையைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்திய முதல் சில வாரங்கள் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும். அந்த நாட்களில்தான் பலர் பழைய டப்பாவை மறுபடி திறக்கிறார்கள்.