பற்றீரியாவினுள் மருந்தைச் சேர்க்கும் நனோத் துணிக்கைகள்

நெல்லிலை நுனியிலிருந்து விளிம்பு வழியே மஞ்சளாகி, பின் வைக்கோல் நிறமாகக் காய்வதையும், செழித்து நின்ற கத்தரி, தக்காளிச் செடிகள் பசுமை மாறாமலே திடீரென வாடுவதையும் கமக்காரர் அறிவர். முன்னது பற்றீரியா இலை வெளிறல். பின்னது பற்றீரியா வாடல். மருந்து தெளித்தும் இந்நோய்கள் எளிதில் அடங்காமைக்குக் காரணம் உண்டு.

மருந்து எட்டாத இடம்

இலை வெளிறற் பற்றீரியா இலை விளிம்பிலுள்ள நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் புகுந்து, பயிரின் நீர்க்குழாய்களிற் பெருகுகின்றது. வாடற் பற்றீரியா மண்ணிலிருந்து வேர் வழியே ஏறி அக்குழாய்களை அடைக்கின்றது. இலைமேற் படியும் மருந்து அங்கே சென்று சேர்வதில்லை. சென்றாலும், இப்பற்றீரியாக்களின் கலச்சுவருக்கு வெளியேயுள்ள மென்சவ்வு பல மருந்துகளைத் தடுத்துவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதனால், அதனைத் தாங்கும் இனங்களும் பெருகும். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாத் தக்காளித் தோட்டங்களில் செம்பு மருந்துக்கு இந்நிலையே நேர்ந்தது.

காவிகள் தொழிற்படும் விதம்

ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நனோமீற்றர் எனப்படும். 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ளவை நனோத் துணிக்கைகள். பற்றீரியாவோ ஏறக்குறைய 1,000 முதல் 2,000 நனோமீற்றர் நீளமுடையது. ஆகவே, மருந்தைச் சுமக்கும் காவியாக இத்துணிக்கையைப் பயன்படுத்தலாம்.

இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைற்றோசான் இவ்வகைக் காவிகளுள் ஒன்று. அது நேர் மின்னேற்றமுடையது. பற்றீரியாவின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றமுடையது. எனவே காவி பற்றீரியாவில் ஒட்டி, அதன் சவ்வைத் தளர்த்தி, மருந்தை அவ்விடத்திலேயே விடுவிக்கும். நீரிற் கரைந்து பரவிப்போகும் மருந்து, இவ்வாறு வேண்டிய இடத்திற் செறிவாகச் சேர்கின்றது. குறைந்த அளவு மருந்தால் நிறைந்த பயன் பெறுவதே இதன் நோக்கம்.

ஆராய்ச்சியின் நிலை

காபனின் மெல்லிய தகடுகளில் வெள்ளி நனோத் துணிக்கைகளைத் தாங்கச் செய்து, தக்காளியின் பற்றீரியாப் புள்ளி நோய்க்கு எதிராகச் சோதித்த முடிவுகள் 2013ஆம் ஆண்டில் புளோரிடாவிலிருந்து வெளியாயின. பத்து இலட்சம் பங்குக்கு 100 பங்கு என்ற அளவில் பச்சைவீட்டு நாற்றுகளுக்கு இட்டபோது நோய் குறைந்தது. எனினும் அப்பயன் வழக்கமான மருந்தின் பயனை ஒத்ததாகவே இருந்தது. அதுவும் இலைப்புள்ளி நோய். நீர்க்குழாயில் வாழும் வாடல் நோயன்று. மேலும் வெள்ளி, மண்ணிலுள்ள நன்மை தரும் பற்றீரியாக்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் தீங்கு செய்யக்கூடியது. வயல் நீர் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் செல்வதால் இது கவனிக்கற்பாலது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. நோய் தாங்கும் நெல்லினங்களையும் நோயற்ற விதையையும் தெரிந்தெடுத்தல் வேண்டும்.
2. நடுகையின்போது நாற்றின் நுனியை வெட்டலாகாது; வெட்டுக்காயம் நோய்க்கு வழியாகும்.
3. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடலாகாது. நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாகாது.
4. வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டுப் பார்க்க. பால்போன்ற வெண்ணிழை வடிந்தால் அது பற்றீரியா வாடலே. அச்செடியை வேருடன் அகற்றி எரித்தல் வேண்டும்.
5. அந்நிலத்திற் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தொடர்ந்து பயிரிடலாகாது. சுண்டைக் கன்றில் ஒட்டிய கத்தரி, தக்காளி இந்நோயை நன்கு தாங்கும்.

‘நனோ’ என்ற பெயரைக் கண்டதும் நோய்மருந்தென எண்ணலாகாது. 2021ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட நனோ நைதரசன் திரவம் பசளையே, நோய்மருந்தன்று. இலை வெளிறல் கண்ட வயலில் நைதரசன் மிகுந்தால் நோயும் மிகும். நோய்மருந்தெனக் கூறி எதனை விற்றாலும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அது பதிவுபெற்றதா என்பதைச் சிட்டையிற் பார்த்து, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.