கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

கண்ணில் மஞ்சள் தெரிந்த மறுநாளே வீட்டில் எவரேனும் கீழாநெல்லியைத் தேடிப் புறப்பட்டுவிடுவர். வரப்போரத்தில் தானே முளைக்கும் இச்சிறு செடியில், இலைகளுக்குக் கீழே நெல்லிக்காய் வடிவில் மிகச் சிறிய காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர் வந்தது அதனால்தான். வேருடன் அரைத்து மோரில் கலந்து குடிப்பது நம் பாட்டிமார் முறை. சித்த மருத்துவமும் இதைக் காமாலைக்குரிய மூலிகையாகக் கொள்கிறது. இந்நம்பிக்கையை நாங்கள் எள்ளவில்லை. அதன் எல்லை எதுவென்று கூறவே விரும்புகிறோம்.

காமாலை தனியொரு நோயன்று, நோயின் அடையாளம். இரத்தத்தில் பிலிரூபின் மிகுவதால் மஞ்சள் நிறம் தோன்றுகிறது. அது மிகுவதற்கு வைரஸ், மது, சில மாத்திரைகள், பித்தநாளத்தை அடைக்கும் கல், கட்டி எனக் காரணங்கள் பல. மாசடைந்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்நாட்களில் எதை அருந்தியிருந்தாலும் அதற்கே நற்பெயர் கிடைக்கும். கீழாநெல்லியின் புகழில் ஒரு பங்கு இவ்வாறு வந்ததே என்பது எங்கள் கருத்து. கல் அடைத்தவருக்கோ எத்தனை நாள் சாறு குடித்தாலும் அடைப்பு நீங்காது. தாமதத்தால் பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இம்மூலிகையை அறிவியல் புறக்கணித்துவிடவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் நெடுநாள் சுமந்தவர்களுக்குச் சென்னை ஆய்வாளர்கள் இதனை 30 நாள் கொடுத்துப் பார்த்த முடிவு, 1988-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் காணப்படவில்லை. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் அக்குழுவில் இருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆயினும் பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அத்தகைய பலன் கிட்டவில்லை. ஆகவே ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் டெனோபோவிர் போன்ற மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பியிருத்தல் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழக்கூடும்.

நீரிழிவு மாத்திரை உண்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இம்மூலிகை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும். கருவுற்ற பெண்கள் தாமாக இதனை உண்ண வேண்டா. கருவுற்ற காலத்தில் வரும் ஹெபடைடிஸ் இ மிகக் கொடியது. அவர்களுக்குக் கண் மஞ்சளானால் அன்றே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும். பிறந்த குழந்தைக்கு எந்தச் சாறும் புகட்டலாகாது. சாற்றைக் கண்ணிலோ மூக்கிலோ விடுவதும் தீங்கே. பெயரற்ற பொடிப் பொட்டலங்களில் வேறென்ன கலந்துள்ளது என்பதை எவராலும் சொல்ல இயலாது. பத்தியம் என்று நோயாளியைப் பட்டினி போடுவதையும் தவிர்க்குமாறு வேண்டுகிறோம்.

உறக்க மயக்கம், பிதற்றல், ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, கறுத்த மலம், குளிருடன் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராது அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ஏற்கெனவே மூலிகை கொடுத்திருந்தால் அதை மறைக்க வேண்டா; நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மீதமுள்ள பொடியையோ செடியையோ கையோடு கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.